அகத்தியருக்கு ஒரு நியாயம், கொக்கரைக்கு ஒரு நியாயம்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதிகை மலைப் பழங்குடிகளான காணிக்காரர்களின் கதைகளையும் பாட்டுகளையும் அறிமுகப்படுத்துவது அவர்களைப் பின்னுக்கு இழுக்கும் வேலை என்று ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் பெயர் இங்கே வேண்டாம். ஆசிரியர் அறைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் பலர் தணிந்த குரலில் சொல்லிவருவதைத்தான் அவர் உரக்க எழுதியிருக்கிறார். அந்த வகையில் அவருக்கு நன்றி. ஒளிந்திருந்த வாதம் வெளியே வந்தால்தான் அடிக்க வசதி.

இத்தனை கோபத்துக்கும் காரணம் ஒரு சின்ன யோசனை. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்துப் பள்ளிகளுக்கு மாதம் ஒரு பிற்பகல், காரையாறு, சேர்வலாறு, மைலாறு, இஞ்சிக்குழி குடியிருப்புகளிலிருந்து விருப்பமுள்ள காணிப் பெரியவர்களை அழைத்து வந்து, அவர்கள் வாயாலேயே அவர்கள் கதையைச் சொல்ல வைக்கலாம் என்று சில ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். அரசாணை கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது, தேர்வு கிடையாது. ஒரு பாட்டி, ஒரு மரத்தடி, நாற்பது பிள்ளைகள். இதற்குள் அறிவியல் மனப்பான்மைக்கு ஆபத்து வந்துவிட்டது, அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ பிரிவு மீறப்பட்டுவிட்டது என்று கட்டுரை எழுதிய பெரியவர் பதறுகிறார். அந்தப் பிரிவில் அறிவியல் மனப்பான்மையை வளர்க்கச் சொல்வது ‘எச்’ உட்பிரிவு. அதற்கு இரண்டு படி மேலே ‘எஃப்’ என்று ஒன்று இருக்கிறது. நம் கூட்டுப் பண்பாட்டின் வளமான மரபை மதித்துக் காக்க வேண்டும் என்கிறது அது. சட்டத்தை மேற்கோள் காட்டப் புத்தகத்தைத் திறந்தவர் அந்தப் பக்கத்தை முழுவதுமாகப் படித்திருக்கலாம்.

வகுப்பறையில் எந்தக் கதையுமே கூடாது என்று அவர் சொல்லியிருந்தால் அதை ஒரு கொள்கை என்று மதித்து வாதாடலாம். அப்படிச் சொல்லவில்லை. கட்டுரையின் முதல் பத்தியிலேயே பொதிகை மலையையும் தமிழ் முனிவரையும் போற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். கயிலையில் கல்யாணம் பார்க்கக் கூட்டம் சேர்ந்ததால் வடக்கு தாழ்ந்தது, தெற்கு உயர்ந்தது, குள்ளமான ஒரு முனிவர் தெற்கே நடந்து வந்து நின்றதும் பூமி சமநிலைக்கு வந்தது. இந்தக் கதையைக் கேட்டு வளராத நெல்லைப் பிள்ளை உண்டா? பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் நின்று இதே கதையைச் சொல்லாத வாத்தியார் உண்டா? அம்பிகை தந்த தாமரை மாலை பெண்ணாக மாறி, அந்தப் பெண் ஆறாக மாறித் தாமிரபரணி ஆனாள் என்பது தலபுராணம். 2018 அக்டோபரில் 144 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகா புஷ்கரம் என்று சொல்லி, பாபநாசம் தொடங்கிப் புன்னைக்காயல் வரைக்கும் படித்துறை படித்துறையாக லட்சக்கணக்கானவர்கள் முங்கி எழுந்தார்கள். அன்றைக்கு நம் பெரியவருக்கு 51-ஏ நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் இந்தக் கதைகள் பிடிக்கும். பூமி ஒருபக்கம் சாய்கிறது, ஒரு மனிதர் எடைக்கல்லாக நடக்கிறார் என்று யோசித்த மூளை லேசுப்பட்ட மூளை இல்லை. என் கேள்வி வேறு. அகத்தியர் கதையால் கெடாத அறிவியல் மனப்பான்மை, அகத்தியரையே தங்கள் ஆசானாகக் கருதும் காணிகள் அதே மலையைப் பற்றிச் சொல்லும் கதையால் மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?

குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். திரிகூடராசப்பக் கவிராயர் என்ற சமவெளிப் புலவர், ஒரு மலைக்காரியின் வாயில் மலைவளம் பாடவைத்தார். தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். நம் கட்டுரையாளரும் செய்திருப்பார், மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். கற்பனைக் குறத்தி மலையைப் பாடினால் அது செய்யுள் பகுதி. நிஜமான மலைக்காரி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று பாடினால் மூடநம்பிக்கை. இதற்குப் பெயர் பகுத்தறிவு என்றால் நம் ஊர்த் திண்ணைகளில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். யார் உள்ளே வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்மானித்தவர்களும் தங்களை அறிவாளிகள் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு ஆத்திரத்தோடு எதிர்க்கிறவர் எதை எதிர்க்கிறோம் என்றாவது தெரிந்துகொண்டாரா என்றால், அதுவும் இல்லை. காணிகள் சுடலைமாடன் கோயில் கொடையில் கையைக் கீறி இரத்தம் எடுக்கும் கூத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறார்களா என்று கேட்கிறார். ஐயா, அது கணியான் கூத்து. அதை ஆடுகிறவர்கள் கணியான் சமூகத்தார். சமவெளியில் நம் ஊர்களுக்குள்ளேயே, நம் கோயில் கொடைகளிலேயே, இரண்டு மகுடப் பறையும் பாட்டை நடத்தும் ஒரு அண்ணாவியும் பெண் வேடமிட்ட ஆட்டக்காரர்களுமாக இரவெல்லாம் சுடலை கதை பாடுகிறவர்கள். காணிக்காரர்கள் மலையில் இருப்பவர்கள். மூட்டுக்காணி என்று தலைவரும், பிலாத்தி என்று மருந்தும் மந்திரமும் தெரிந்தவரும் உள்ள வேறொரு சமூகம். இரும்புக் குழலில் பல் வெட்டி, கம்பியால் உரசி ஒலி எழுப்பும் கொக்கரையை வைத்துக்கொண்டு சாற்றுப்பாட்டு பாடுகிறவர்கள். இரண்டு சமூகங்களும் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் தனித்தனி வரிசை எண்ணில் இருக்கின்றன. கல்வித் துறையில் காலமெல்லாம் வேலை பார்த்த ஒருவருக்குத் தன் மாவட்டத்து இரண்டு பழங்குடிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஏன் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டவரே அதற்குப் பதிலாகவும் நிற்கிறார்.

சரி, அறிவியலுக்கே வருவோம். அவர் விருப்பமான களம் அதுதானே.

1987-ல் பொதிகை என்ற இதே அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு காட்டுக்குள் போனது. வழிகாட்டிகள் காணி இளைஞர்கள். விஞ்ஞானிகள் நடக்கமுடியாமல் சோர்ந்து உட்கார, காணிகள் ஏதோ ஒரு சிறு காயைக் கடித்துக்கொண்டு சளைக்காமல் நடந்தார்கள். கேட்டதில் முதலில் சொல்லத் தயங்கினார்கள், பிறகு காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. அதை வைத்துத் திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. கிடைத்த கட்டணத்திலும் உரிமத்தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்புக்கொண்டது. மரபறிவுக்கு உரியவர்களோடு பலனைப் பங்குபோட்ட முன்னோடி ஏற்பாடு என்று உலகமே இதை எடுத்துப் பேசியது. அந்த ஆய்வகத்தின் நுண்ணோக்கிக்கு முன்னால் இருந்தது ஒரு வழக்காறு. எந்தச் செடி, எந்தப் பருவம், யார் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் எழுத்தில்லாத ஒரு சமூகம் எதில் எழுதிவைத்திருக்கும்? கதையிலும் பாட்டிலும் விலக்கிலும்தான். கதையை அகற்றிவிட்டு அறிவை மட்டும் தனியே உரித்தெடுக்கலாம் என்று நினைப்பவர் அந்தக் காய் எங்கே காய்க்கிறது என்பதைக்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

கதைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு வேண்டுமா? 2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே, நிலநடுக்க மையத்துக்கு மிகக் கிட்டத்தில், சிமலூ என்றொரு தீவு. மக்கள்தொகை ஏறத்தாழ 78,000. அங்கே 1907-ல் ஒரு பெரிய கடல் அலை வந்து ஊர்களைத் துடைத்துப்போட்டிருந்தது. தப்பித்தவர்கள் அதை ‘ஸ்மோங்’ கதையாக்கினார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. பாட்டிமார் அதைத் தாலாட்டாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகள் காதில் போட்டுவைத்தார்கள். கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலம் ஆடியதும் தீவே மேட்டுக்கு ஓடியது. ஆழிப்பேரலையில் அங்கே இறந்தவர்கள் 7 பேர். அதே நாளில் தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 8,000 பேரைப் பறிகொடுத்தோம். நம் பிள்ளைகளும் கடல்கோள் பற்றிப் படித்திருந்தார்கள். பழந்தமிழ்ப் பெருமையாக, இரண்டு மதிப்பெண் வினாவாகப் படித்திருந்தார்கள். கடல் உள்வாங்கினால் கால் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அந்த விடை சொல்லவில்லை. கடல் பின்வாங்கிய இடங்களில் வேடிக்கை பார்க்க உள்ளே நடந்தவர்களும் உண்டு.

ஆஸ்திரேலியாவை அவரே இழுத்திருக்கிறார், வெள்ளைக்காரர்கள் குற்ற உணர்ச்சியில் செய்வதை நாம் காப்பியடிப்பதா என்று. அந்நாட்டுத் தொல்குடிகளின் கதைகளைப் பேட்ரிக் நன் என்ற நிலவியல் அறிஞரும் நிக்கலஸ் ரீட் என்ற மொழியியலாளரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கண்டத்தின் கரையோரம் 21 இடங்களில், முன்பு நடந்துபோன நிலம் இப்போது கடலுக்கடியில் இருக்கிறது என்று சொல்லும் கதைகள் கிடைத்தன. பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறிய காலக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, இவை 7,000 ஆண்டுக்கும் மேற்பட்ட நினைவுகள் என்று எழுதினார்கள். எழுத்து இல்லை, கல்வெட்டு இல்லை. வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து வாய்க்கு. நம் காணிகளிடம் தாமிரபரணியின் வெள்ளங்களைப் பற்றி அப்படி ஒரு கதை இருக்கிறதா? போய் உட்கார்ந்து கேட்டால்தானே தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, ஆறு தன் பழைய வழிகளையெல்லாம் தேடிக்கொண்டு ஊருக்குள் வந்ததே, அந்தப் பழைய வழிகளின் நினைவு யாரிடமாவது இருந்தால் அதைக் கேட்டுவைப்பது அறிவியலா, கேட்காமலே இல்லை என்பது அறிவியலா?

அவரது அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. நாட்டார் கதைகளில் கொலையும் சாதியும் இரத்தமும்தான் இருக்கின்றன, பிஞ்சு மனங்களுக்கு அவை எதற்கு என்கிறார். இதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்லியாக வேண்டும். மலைக்கதை, சமவெளிக் கதை என்று நாம் பிரித்துவைத்திருக்கும் கோடு எங்கே அழிகிறது என்பதும் இதில்தான் தெரியும்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகாத நெல்லைக் குடும்பம் குறைவு. குடில் போட்டு, ஆற்றில் குளித்து, பொங்கி, கிடா வெட்டி, நாட்கணக்கில் தங்கும் கூட்டம். கட்டுரையாளர் குடும்பமும் போயிருக்கும். அந்தக் கோயில் வளாகத்தில் பட்டவராயன் சன்னதியில் செருப்பு தொங்கும். தோல் செருப்பு, புத்தம்புதுசு, நேர்த்திக்கடனாகக் கட்டியது. தாத்தா, சாமிக்கு ஏன் செருப்பு என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். நம் வீடுகளில் கிடைக்கும் பதில், கும்பிட்டுட்டு வா.

உண்மையான பதில் முத்துப்பட்டன் கதையில் இருக்கிறது. பிராமணக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன் இந்தக் காட்டுவழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சகோதரிகளைப் பார்க்கிறான். சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்கள். மணம் செய்து தரக் கேட்கிறான். வாலப்பகடை சொல்லும் நிபந்தனை இந்தியக் கதைகளிலேயே அபூர்வமானது. பூணூலை அறு, குடுமியை எடு, எங்களைப்போலச் செருப்புத் தைத்து விற்று வா, அப்புறம் பேசலாம். முத்துப்பட்டன் அதைச் செய்கிறான். கல்யாணமும் நடக்கிறது. அந்த இரவே மாடு கவர வந்தவர்களை எதிர்த்துப் போய்ச் சண்டையிட்டு உயிரை விடுகிறான். இரண்டு பெண்களும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். அவன்தான் பட்டவராயன். அதனால்தான் செருப்பு.

இந்தக் கதைக்கு இன்னொரு பாடமும் உண்டு. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், குழந்தையில் காட்டில் விடப்பட்டு, வாலப்பகடையிடம் வளர்ந்தவர்கள் என்று ஒட்டுப்போட்ட பாடம். யாருக்கோ உறுத்தியிருக்கிறது, யாரோ மாற்றியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் இரண்டு பாடங்களையும் சொல்லிவிட்டு, எது முந்தையது, ஏன் மாற்றினார்கள், மாற்றியவருக்கு என்ன பயம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சான்றை எடைபோடுதல், உள்நோக்கத்தைச் சந்தேகித்தல், இரண்டு மூலங்களை ஒப்பிடுதல். அறிவியல் மனப்பான்மைக்கு இதைவிடச் செலவில்லாத பயிற்சி எந்த ஆய்வகத்தில் கிடைக்கும்? கட்டித்தொங்கவிட்ட செருப்பு தானாகத் தேயும், சாமி இரவில் மாட்டிக்கொண்டு நடக்கிறார் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நல்லது, அதையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். எப்படிச் சோதிப்பாய் என்று கேளுங்கள். பத்து விதமாகச் சொல்வார்கள். கதையைக் கேட்டால் பிள்ளை அதை அப்படியே நம்பிவிடும் என்று பயப்படுகிறவர் பிள்ளைகளோடு பேசி ரொம்ப நாளாயிற்று என்று நினைக்கிறேன். நரியும் காக்காயும் பேசும் கதையைக் கேட்ட எந்தப் பிள்ளையும் காக்காயிடம் போய் வடை விலை விசாரித்ததில்லை.

இதையெல்லாம் சேகரித்துப் பதிப்பித்தவர் யார்? நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை. மார்க்சியர், நாத்திகர், அறிவியலைத் தமிழில் எழுதப் பாடுபட்டவர், ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தியவர். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மு கதைப்பாடல், ஐவர் ராசாக்கள் கதை என்று தேடித்தேடிப் பதிப்பித்தார். பகுத்தறிவில் நா.வா. நம் கட்டுரையாளருக்கு எந்த அளவில் குறைந்தவர்? அவருக்கு வராத பயம் இவருக்கு ஏன் வருகிறது? அதே பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை பல ஆண்டுகளாக இயங்குகிறது. முதுகலை வகுப்பில் ஆய்வுப்பொருள், ஆறாம் வகுப்பில் விஷம். எந்த வயதில் இந்த விஷம் முறிகிறது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

தேவதைகளையும் மாடன்களையும் பார்த்து முகம் சுளிப்பது ஒன்றும் புதுப் பகுத்தறிவும் இல்லை. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849-ல் எழுதிய திருநெல்வேலிச் சாணார்கள் பற்றிய நூலில் இதே சுளிப்பு அச்சேறியது. பேய் வழிபாடு என்று சொல்லி ஒரு சமூகத்தையே மட்டம் தட்டினார். அந்தச் சமூகத்தின் படித்த தலைமுறை அவரைச் சும்மா விடவில்லை. கால்டுவெல்லாவது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி ஈடு கட்டினார். நம் கட்டுரையாளரிடம் சுளிப்பு மட்டும்தான் இருக்கிறது.

பிரதான நீரோட்டம் என்ற சொல்லை அவர் கட்டுரையில் பல இடங்களில் பார்த்தேன். காணிப் பிள்ளைகள் அதில் கலக்க வேண்டும், அதற்குப் பழைய அடையாளத்தைக் கழற்ற வேண்டும் என்கிறார். ஆஸ்திரேலியா இதைத்தான் செய்தது. சுமார் 1910 முதல் 1970 வரை தொல்குடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து, விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வைத்து, மொழியைப் பேசினால் தண்டித்து, நீரோட்டத்தில் கலந்தது. 1997-ல் விசாரணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். இன்றைக்கு அந்த நாட்டுப் பாடத்திட்டத்தில் எல்லாப் பாடங்களோடும் இழையும் முன்னுரிமைகளில் ஒன்று தொல்குடிகளின் வரலாறும் பண்பாடும். கட்டுரையாளர் இதைக் குற்ற உணர்ச்சி என்று நக்கலடிக்கிறார். குற்றம் செய்தவனுக்குக் குற்ற உணர்ச்சி வருவதில் என்ன கேலி? நாம் குழந்தைகளை வண்டியில் ஏற்றிக் கடத்தவில்லை, உண்மைதான். நம் முறை சத்தமில்லாதது. மலையாளமும் தமிழும் கலந்த தன் வீட்டுப் பேச்சில் ஒரு காணிப் பிள்ளை வகுப்பில் வாயைத் திறக்கும். பின் பெஞ்சு சிரிக்கும். வாத்தியாரும் லேசாகச் சிரிப்பார். அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை பேசாது. கொஞ்ச நாளில் பள்ளிக்கும் வராது. பதிவேட்டில் இடைநிற்றல் என்று ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் போட்ட துறையில்தான் இவர் அதிகாரியாக இருந்தார்.

காணிப் பெற்றோரே ஆங்கிலமும் கணினியும்தானே கேட்கிறார்கள் என்கிறார். கேட்கட்டும், கொடுங்கள். கொக்கரை கேட்ட காதில் ஆங்கிலம் ஏறாதா? ஒடிசாவில் 2006-07 முதல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளை நடத்தத் தொடங்கினார்கள். வீட்டு மொழியில், வீட்டுக் கதையில் தொடங்கிப் படிப்படியாக ஒடியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் போகும் ஏற்பாடு. தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்பது 350-ஏ பிரிவாக 1956-லேயே அரசமைப்பில் ஏறிவிட்டது. பெரியவர் கையிலிருக்கும் அதே புத்தகம்தான்.

நீட் தேர்வில் இது வருமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. வராது. அவர் பேரன் நீச்சல் வகுப்புக்கும் போகிறான், அதுவும் வராது.

எண்ணிக்கை வாதம் ஒன்று பாக்கி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடிகள் 7.94 லட்சம், மொத்தத்தில் 1.1 சதவீதம், அதிலும் காணிகள் சிறு கூட்டம், இவர்களுக்காக மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஏன் நேரம் செலவழிக்க வேண்டும் என்கிறார். 143 அடி வரை நீர் தேக்கும் பாபநாசம் அணை காணிக் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கிறது. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் எண்பதாயிரம் ஏக்கருக்கு மேல் நெல்லாகி, திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீராகிறது. 1988-ல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆன பிறகு, அந்தக் காட்டுக்குள் போக நாம் சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக் கொடுக்கிறோம். காணிகள் வைத்த பெயர் அந்த மலையின் ஒவ்வொரு ஓடைக்கும் பாறைக்கும் முன்பிருந்தே இருக்கிறது. தண்ணீர் குடிக்கும்போது எண்ணிக்கை பார்க்காதவர் கதை கேட்கும்போது மட்டும் பார்க்கிறார். ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்காகப் பெருமைப்படுகிறோம். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் 3,200 ஆண்டு பழையது என்றதும் சட்டமன்றத்தில் மேசையைத் தட்டினோம். மண்ணுக்கடியில் இருக்கும் பழசுக்கு அத்தனை மரியாதை. உயிரோடு, மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழசுக்கு வாசல் அடைப்பு.

இவ்வளவு எழுதியவர் கேட்டிருக்க வேண்டிய நியாயமான கேள்வி ஒன்று இருந்தது. அதை அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். இதை ஆதரிக்கும் நம் ஆட்கள் என்ன செய்துவைப்பார்கள் என்ற பயம் எனக்கு நிறையவே உண்டு. மாறுவேடப் போட்டியில் பிள்ளைக்கு இடுப்பில் தழையைக் கட்டி, முகத்தில் கரியைப் பூசி, கையில் ஈட்டியைக் கொடுத்து மேடையேற்றிவிட்டு, பழங்குடிப் பண்பாடு அறிமுகம் என்று படம் எடுத்துப் போடும் பள்ளிகள் நம்மிடம் இருக்கின்றன. அதைவிடச் சும்மா இருப்பது மேல். காணிகளின் எல்லாப் பாட்டும் எல்லார் காதுக்கும் உரியவை இல்லை. சாற்றுப்பாட்டு நோயாளியின் பக்கத்தில், இரவில், பிலாத்தி பாடுவது. அதைச் சுதந்திர தின மேடையில் மூன்று நிமிடத்துக்குச் சுருக்கிப் பாடச் சொல்வது அவமரியாதை. ஜீவனி விஷயத்திலேயே, ரகசியம் காக்க வேண்டிய அறிவை இளைஞர்கள் வெளியே கொடுத்துவிட்டார்கள் என்று கேரளத்துப் பிலாத்திகள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆஸ்திரேலியத் தொல்குடிகளிடமும் இன்னார்தான் சொல்லலாம், இன்னார்தான் கேட்கலாம் என்ற கதைகள் உண்டு. ஆகவே எந்தக் கதை பள்ளிக்கு வரலாம், எது மலையிலேயே இருக்கட்டும் என்பதை மூட்டுக்காணியும் பெரியவர்களும் முடிவு செய்யட்டும். தலைமையாசிரியர்களோ, கட்டுரையாளரோ, நானோ முடிவு செய்யக்கூடாது. பதிவு செய்யலாமா, படம் எடுக்கலாமா என்பதும் அவர்களைக் கேட்டுத்தான்.

கடைசியாகப் பணம். இதற்கெல்லாம் நிதி எங்கே என்று முடிக்கிறார் கட்டுரையாளர். காரையாற்றிலிருந்து பாபநாசத்துக்கும் திரும்பவும் வண்டி வாடகை, மதியச் சாப்பாடு, கூடவே மற்ற சிறப்பு விருந்தினர்களுக்குக் கொடுப்பதுபோல உறையில் வைத்த மதிப்பூதியம். சால்வை மட்டும் போர்த்தி அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து இங்கே கொண்டுவர வேண்டாம், மலையில் குளிருக்குப் போர்வை இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதி போதும். ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரிகள் தலைமையுரை ஆற்றும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதியைக் கேட்டாலும் இரண்டு கதைக்கு நேரம் கிடைத்துவிடும்.